காஞ்சிப் பட்டின் அரக்குச் சிவப்பும் சைதாப்பேட்டை கள்ளித் தோட்டமும்: சப்பாத்திக்கள்ளி நம்ம ஊரைவிட்டுப் போன கதை

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் உட்கார்ந்து, "அரக்குல ஒண்ணு எடுத்துப் போடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் வேறு எதுவும் கேட்கமாட்டார். எந்த நிறம் என்று அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆழ்ந்த, கொஞ்சம் கருமை கலந்த சிவப்பு. கல்யாணப் புடவை என்றதும் பல வீடுகளில் முதலில் தேடும் நிறம்.

ஆனால் 'அரக்கு' என்பது முதலில் நிறத்தின் பெயர் இல்லை. ஒரு பூச்சி மரக்கிளையில் கட்டும் பிசினின் பெயர். அந்தப் பூச்சியிலிருந்துதான் பட்டுக்குச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள், நிறத்துக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

இப்போது ஒரு கேள்வி. பூச்சியிலிருந்து சிவப்பு எடுக்கும் வித்தை தெரிந்த இந்த ஊருக்குப் பக்கத்திலேயே, சென்னை சைதாப்பேட்டையில், கிழக்கிந்தியக் கம்பெனி இன்னொரு சிவப்புப் பூச்சியை வளர்ப்பதற்காக ஒரு கள்ளித் தோட்டமே போட்டது தெரியுமா? 1780-களின் கடைசியில் தொடங்கிய அந்தத் தோட்டம் வியாபாரத்தில் தோற்றுப்போனது. ஆனால் அதன் பின்விளைவாக நம் விவசாயிகள் நிலத்தைப் பிடித்திருந்த சப்பாத்திக்கள்ளி ஒழிந்தது. அதோடு, களையைப் பூச்சியை வைத்தே ஒழிக்கலாம் என்று உலகம் கற்றுக்கொண்டதும் இங்கிருந்துதான். எப்படி என்று பார்க்கலாம்.

முதல்ல, சிவப்பு ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

இன்றைக்கு எந்த நிறமும் பாக்கெட்டில் கிடைக்கிறது. 1860-களுக்கு முன் அப்படி இல்லை. மஞ்சள் எடுப்பது சுலபம், நீலத்துக்கு அவுரி இருந்தது. துவைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் போகாத சிவப்பு மட்டும் கடினம்.

நம்ம ஊரில் இதற்கு இரண்டு வழி இருந்தது. பருத்திக்குச் சாயவேர். இம்பூறல் என்கிற சின்னச் செடியின் வேர் அது, கடற்கரை மணல் பூமியில் நன்றாக வரும். சோழமண்டலக் கரையின் துணிகள் உலகம் முழுக்கப் போனதற்கு இந்த வேரும் ஒரு காரணம். பட்டுக்கு அரக்கு. பட்டு என்பது புழு நூற்ற இழை, அதாவது புரதம். அதனால் பருத்தியைவிடச் சாயத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். படிகாரத்தில் ஊறவைத்து அரக்குச் சாயத்தில் முக்கினால் நிறம் நிற்கும்.

ஐரோப்பாவிலோ 16-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்னொரு சிவப்பு கொடிகட்டிப் பறந்தது. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின் கொண்டுபோன 'காச்சினீல்'. சப்பாத்திக்கள்ளி மடல்மேல் ஒட்டி வாழும் ஒரு செதில் பூச்சி இது. பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஒரே இடத்தில் வாயைக் குத்திச் சாறு உறிஞ்சிக்கொண்டு, மேலே பஞ்சு மாதிரி வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். எறும்பு போன்ற எதிரிகளை விரட்ட அது தன் உடம்பில் சேர்த்துவைக்கும் பொருள்தான் கார்மினிக் அமிலம். காய்ந்த பூச்சியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் இந்த அமிலமே இருக்கும். வெள்ளீய உப்போடு சேர்த்தால் பளீரென்ற செந்நிறம் வரும். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கு இந்தச் சாயம்தான். சிப்பாய்க்கு மலிவான வேர்ச் சாயம் போதும் என்று விட்டுவிட்டார்கள், அது வேறு கதை.

ஒரு கிலோ சாயப் பூச்சிக்கு லட்சத்துக்கு மேல் பூச்சிகள் தேவை. ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து போன ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பேசப்பட்ட சரக்கு இது. ஆகவே உயிருள்ள பூச்சியை வெளியே விடாமல் ஸ்பெயின் பொத்திப் பொத்திப் பாதுகாத்தது. 1777-ல் தியெரி தெ மெனோன்வில் என்கிற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவின் வஹாகாவுக்குத் திருட்டுத்தனமாகப் போய், பூச்சியோடு கள்ளி மடல்களை எடுத்துக்கொண்டு கரீபியனில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்துக்குத் தப்பினார். இந்தச் செய்தி லண்டனில் பலர் தூக்கத்தைக் கெடுத்தது.

சென்னைக்கு இது எப்படி வந்தது?

ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரால். சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவர் அவர். அப்போதைய சென்னை ஒரு மதில் நகரம். ஜார்ஜ் கோட்டைக்குச் சுவர், அதற்கு வடக்கே கறுப்பர் நகரத்தைச் சுற்றி இன்னொரு மதில். 1758-59 பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு எழுந்த அந்த மதிலின் நினைவாகத்தான் சென்ட்ரல் பக்கத்தில் 'வால்டாக்ஸ் ரோடு' இன்னமும் இருக்கிறது. மதிலுக்கு உள்ளே நெரிசல், வெளியே தெற்கிலும் மேற்கிலும் தோட்ட வீடுகள். நுங்கம்பாக்கத்தில் நிலம் வாங்கிய ஆண்டர்சன் அங்கே ஒரு தாவரத் தோட்டத்தை உருவாக்கினார். கரும்பு, காபி, அமெரிக்கப் பருத்தி, மல்பெரி, ஆப்பிள் வரைக்கும் எது வருமோ எல்லாவற்றையும் நட்டுப் பார்த்த ஆள் அவர். நுங்கம்பாக்கத்தில் இன்றைக்கும் ஆண்டர்சன் சாலை இருக்கிறது.

1786-ன் கடைசியில் ஆண்டர்சன் சென்னையில் ஒரு புல்லின்மேல் சிவப்புச் சாறுள்ள பூச்சியைப் பார்க்கிறார். காச்சினீல் கிடைத்துவிட்டது என்று குதிக்கிறார். லண்டனில் இருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம்மேல் கடிதம். பேங்க்ஸ் அப்போது பிரிட்டிஷ் தாவரவியலின் மொத்த அதிகாரமும் கையில் வைத்திருந்தவர். மாதிரியைச் சோதித்தபோது அது அந்தப் பூச்சி இல்லை, சாயமும் தேறவில்லை. ஆனால் அந்தக் கடிதங்கள் ஒரு வேலை செய்தன. மெக்சிகோ பூச்சியையே கொண்டுவந்து சென்னையில் வளர்த்தால் என்ன என்ற யோசனை கம்பெனிக்குள் சூடு பிடித்தது. அசல் பூச்சியைக் கொண்டுவருபவருக்குப் பெரிய பரிசுத் தொகையும் அறிவிக்கப்பட்டது.

பூச்சி வருவதற்கு முன் அது தின்னச் செடி வேண்டுமே? லண்டன் கியூ தோட்டத்திலிருந்து நோப்பல் கள்ளிக் கன்றுகள் கப்பலேறின. 1789 வாக்கில் சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரையில், அன்றைக்கு மர்மலாங் என்று வெள்ளைக்காரர்கள் கூப்பிட்ட மாம்பலம் பக்கம், 'நோப்பல்ரி' தொடங்கியது. நோபல் பரிசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மெக்சிகோவின் பழைய மொழியில் கள்ளிக்கு இருந்த பெயரிலிருந்து வந்தது நோப்பல். பொறுப்பாளர் ஆண்டர்சனின் மருமகன் முறையிலான டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி.

ஆக, தோட்டம் ரெடி, செடி ரெடி, பொறுப்பாளர் ரெடி. பூச்சி மட்டும் இல்லை. சில வருஷம் இப்படியே போனது!

1795: தப்பான பூச்சி வந்து இறங்கியது

1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் இந்தியாவுக்கு வரும் வழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இறங்கி, பூச்சி ஒட்டியிருந்த கள்ளி மடல்களை எடுத்துக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். கடல் பயணத்தில் தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்தான். அங்கே தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் அவற்றை விதவிதமான கள்ளியில் விட்டுப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து தருவித்த உயர்ரகக் கள்ளியைப் பூச்சி சீந்தவில்லை. வேலியோரம் கிடந்த சாதாரணக் கள்ளியை வெறிகொண்டு தின்றது.

அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது அசல் பூச்சி இல்லை.

காச்சினீல் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு. மெக்சிகோ மக்கள் பல தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் ஒன்று. அது பெரிசு, சாயம் அதிகம், மேலே மெழுகு குறைவு, மழைக்குத் தாங்காது. நம் பட்டுப்புழு மாதிரி, மனிதன் பார்த்துக்கொண்டால்தான் பிழைக்கும். மற்றவை காட்டு இனங்கள். சின்னது, சாயம் குறைவு, பஞ்சுப் போர்வை தடிமன், எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும். நீல்சன் கொண்டுவந்தது காட்டு இனத்தில் ஒன்று. இன்றைய அறிவியல் பெயர் டாக்டிலோபியஸ் சிலோனிகஸ். பிறந்த ஊர் தென் அமெரிக்கா, பெயரில் மட்டும் சிலோன். இலங்கையில் பிடித்த மாதிரியை வைத்து பின்னால் ஒருவர் பெயர் வைத்ததால் வந்த குழப்பம்.

இந்தப் பூச்சி சென்னைக்கும் வந்தது. சைதாப்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வளர்த்தார்கள், காயவைத்தார்கள், லண்டனுக்கு அனுப்பவும் செய்தார்கள். ஸ்பெயின் சரக்கோடு வைத்துப் பார்த்த வியாபாரிகள் விலை கொடுக்கவில்லை. சாயமே பாதிதான் இருந்தால் யார் வாங்குவார்கள்? 1800-ஐ ஒட்டி சைதாப்பேட்டை தோட்டத்துக்கு மூடுவிழா. ஆண்டர்சன் 1809-ல் சென்னையிலேயே காலமானார்.

அவருடைய இன்னொரு கனவும் இதே காலத்தில் நடந்து இதேபோல முடிந்தது. மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்த்து, கர்நாடகப் பகுதி முழுக்கப் பட்டு நூற்கலாம் என்று ஊர் ஊராக மல்பெரிக் குச்சிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். சென்னைச் சீமையில் அது வேர் பிடிக்கவில்லை. பட்டு வளர்ந்தது மைசூர்ப் பக்கம், திப்பு சுல்தான் போட்ட அடித்தளத்தில். இன்றைக்கும் காஞ்சி தறிகளுக்கு வரும் கச்சாப் பட்டில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்துதான். ஜரிகை சூரத்திலிருந்து. நெசவு மட்டும்தான் காஞ்சி. ஆனால் அந்த 'மட்டும்'தான் எல்லாமே. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோர்வை போட்டு, பிரிக்க முடியாதபடி பின்னும் அந்த வேலைக்குத்தான் 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அப்போ தோட்டம் தோல்வி. கதை முடிஞ்சுதா?

இல்லை, இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சப்பாத்திக்கள்ளி நம்ம செடி கிடையாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் வந்தது. முள் இருக்கிறது, தண்ணீர் வேண்டாம், ஒரு மடலை வீசினால் முளைக்கும். அதனால் கோட்டையைச் சுற்றி, தோட்டத்தைச் சுற்றி, வரப்போரம் வேலியாக நட்டார்கள். நட்டவர் கையை மீறிப் போனது. மேய்ச்சல் நிலம், தரிசு, ஏரிக்கரை, ஊர்ப் பொதுப் புறம்போக்கு எல்லாம் கள்ளிக்காடு. வெட்டிப்போட்டால் வெட்டிய துண்டெல்லாம் செடி. உள்ளே பாம்பு, பெருச்சாளி. நாகதாளி என்றும் அதற்கு ஒரு பெயர், படமெடுத்த மாதிரி மடல் இருப்பதால். வறட்சிக் காலத்தில் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதுதான் அதனால் கிடைத்த ஒரே பலன். சிறுசுகளுக்கு இன்னொன்று, அந்தச் சிவப்புப் பழம். நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளை எடுக்கத் தெரியாமல் தின்றவர்கள் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்கள்.

இந்த நிலையில்தான், கல்கத்தாவில் பூச்சி வந்து இறங்கிய பிறகு வட இந்தியாவில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பூச்சி பரவிய இடங்களில் ஒரு வகைக் கள்ளி வாடி, கறுத்து, சாய்ந்து காணாமல் போனது. சாயத்துக்கு உதவாத பூச்சி, செடியைக் கொல்வதில் கெட்டிக்காரன். 1836-38 காலத்தில் இதே வேலைக்காக அது தென்னிந்தியாவில் பரப்பப்பட்டது. இங்கேயும் அதே கதை. 1865-க்குள் இங்கிருந்து இலங்கைக்கும் கொண்டுபோனார்கள்.

இந்தக் கடைசிப் பயணத்தைத்தான், களைச்செடியை ஒழிக்கவென்றே ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் திட்டமிட்டுக் கொண்டுபோன உலகின் முதல் சம்பவம் என்று பூச்சியியல் நூல்கள் குறிக்கின்றன. 'உயிரியல் கட்டுப்பாடு' என்று இன்றைக்கு வேளாண் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் துறையின் முதல் பக்கம் அது. மருந்து இல்லை, தெளிப்பான் இல்லை, விஞ்ஞானிகூடப் பெரிசாக இல்லை. தப்பான பூச்சி ஒன்றுதான் இருந்தது.

ஆனா பாதிக் கள்ளி சாகவே இல்லை

இது பலர் தவறவிடும் இடம். சப்பாத்திக்கள்ளி என்று ஒரே பெயரில் நாம் கூப்பிடுவது ஒரே செடி இல்லை. சிலோனிகஸ் பூச்சி தின்றது ஒற்றை முள் வகையை, அதாவது ஓபன்ஷியா மொனகாந்தாவை. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் அதைவிடப் பெரிய தொல்லை ஓபன்ஷியா டிலேனி, மஞ்சள் முள் கொத்துக் கொத்தாக இருப்பது. இதைப் பூச்சி தொடவே இல்லை. ஒரு வகை ஒழிந்தது, காலியான இடத்திலும் மற்றது பரவியது என்றுதான் பல ஊர்களில் ஆகியிருக்கும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா இதே கள்ளியில் மூழ்கிக்கொண்டிருந்தது. 1925 வாக்கில் அங்கே கள்ளி பிடித்த நிலம் 2.4 கோடி ஹெக்டேர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! மருந்து தேடி உலகைச் சுற்றிய ஆஸ்திரேலியக் குழு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து நம்ம பூச்சியை வாங்கிக்கொண்டு போனது. அங்கேயும் ஒற்றை முள் கள்ளி மட்டும் செத்தது. மற்ற வகைகளுக்குப் புதுப் புதுப் பூச்சிகளைத் தேடினார்கள். கடைசியில் அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுபோன ஒரு அந்துப்பூச்சி பெரும்பகுதியைத் தின்று தீர்த்தது. குயின்ஸ்லாந்தில் போனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சியின் பெயரில் ஒரு மண்டபமே கட்டியிருக்கிறார்கள்.

அந்தத் தேடலில் கிடைத்த இன்னொரு காச்சினீல் இனம், டாக்டிலோபியஸ் ஓபன்ஷியே. அமெரிக்காவில் பிடிக்கப்பட்டு, ஆஸ்திரேலியா, இலங்கை வழியாக 1926-ல் தென்னிந்தியா வந்தது. இதுதான் டிலேனி கள்ளிக்கான ஆள். ஐந்தாறு வருஷத்தில் சுமார் 40,000 ஹெக்டேர் கள்ளிக்காடு வெளுத்துச் சாய்ந்தது. மடலெல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டி, அழுகி, ஒரு வாடை வீசி, அப்படியே உட்கார்ந்துவிடும். ஏதோ நோய் வந்து கள்ளி செத்துப்போச்சு என்று கிராமங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால், அது இந்த நோய்தான். நோயே இல்லை, பூச்சி.

ஆக இன்றைக்கு சப்பாத்திக்கள்ளி நம் ஊரில் அங்கங்கே, ரோட்டோரம், கோயில் தரிசில் நாலு புதராக நிற்கிறது. காடாக இல்லை. பூச்சியும் கூடவே இருக்கிறது. கள்ளி பெருகினால் பூச்சியும் பெருகும், கள்ளி குறைந்தால் அதுவும் பட்டினியில் குறையும். யாரும் செலவு செய்ய வேண்டியதில்லை.

அப்போ சீமைக்கருவேலத்துக்கும் ஒரு பூச்சியை விட்டுடலாமே?

நியாயமான கேள்வி. காஞ்சிபுரம் மாவட்ட ஏரிகளைப் பார்த்தவர்கள் யாரும் கேட்பார்கள். ஆனால் பதில் 'அவ்வளவு சுலபமில்லை'.

கள்ளி விஷயத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. இந்திய மண்ணில் அதற்கு நெருங்கிய சொந்தபந்தம் கிட்டத்தட்ட யாருமில்லை. திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் பெயரில்தான் கள்ளி, குடும்பமே வேறு. ஒடித்தால் பால் வருவதை வைத்தே கண்டுபிடிக்கலாம். எனவே கள்ளிப் பூச்சி தாவிப் போய்த் தின்ன இங்கே வேறு எதுவும் இல்லை. சீமைக்கருவேலம் அப்படி இல்லை. நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி அதற்கு நெருங்கிய உறவு. கருவேலத்தைத் தின்ன வந்த பூச்சி வன்னியையும் ருசி பார்த்தால்? அதோடு ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்த மரம்தான் சோறு. தென்னாப்பிரிக்காவில் இதே சிக்கல் வந்தபோது, மரத்தை விட்டுவிட்டு விதையை மட்டும் தின்னும் வண்டுகளை விட்டார்கள். பரவல் குறையும், இருக்கும் மரம் சாகாது. கள்ளிக்குக் கிடைத்த மாதிரியான வெற்றி அங்கே கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1795-ல் நடந்தது இன்றைக்கு நடந்தால் அது குற்றம். ஒரு கேப்டன் கையில் பூச்சியோடு செடியைக் கொண்டுவந்து இறங்குவதை 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை அனுமதிக்காது. அன்றைக்கு அந்தப் பூச்சி நெல்லையோ கத்தரியையோ தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சோதிக்கவில்லை. தின்னவில்லை, பிழைத்தோம். அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு அந்நியப் பூச்சியை இறக்குமதி செய்தால், பெங்களூரு ஆய்வகத்தில் அடைத்துவைத்து, நம் பயிர்கள் ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்து, எதையும் தொடவில்லை என்று உறுதியான பிறகுதான் வெளியே விடுவார்கள்.

அப்படி விட்டதில் நமக்குத் தெரிந்த உதாரணங்களே இருக்கின்றன. 2008-ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கிறதா? பப்பாளியோடு நிற்கவில்லை, மரவள்ளிக்குப் போனது, மல்பெரிக்குப் போனது. மல்பெரி போனால் பட்டுப்புழு போச்சு, பட்டுப்புழு போனால் விவசாயி கையில் காசு போச்சு. எந்த மருந்தும் அந்த வெள்ளை மெழுகைத் தாண்டி ஒழுங்காக இறங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். சில மாதங்களில் நிலைமை திரும்பியது. அடுத்து 2020-ல் மரவள்ளிக்கு வந்த இன்னொரு மாவுப்பூச்சி சேலம், தர்மபுரி, நாமக்கல் விவசாயிகளைத் தலையில் கைவைக்க வைத்தது. அதற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவி வந்து 2022-ல் வயலில் இறங்கியது.

களைக்குப் பூச்சி, பூச்சிக்குக் குளவி. ஆள் மாறினாலும் 1860-களில் கள்ளியோடு கடல் தாண்டிய யோசனைதான்.

காச்சினீல் இப்போ எங்கே?

1870-களில் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சிவப்புகள் வரிசையாக வந்ததும் காச்சினீல், அரக்கு, சாயவேர் மூன்றும் ஒன்றாகப் படுத்தன. காஞ்சியில் இன்றைக்கு நீங்கள் எடுக்கும் அரக்குப் புடவையில் அரக்கு இருக்காது, கிட்டத்தட்ட எல்லாமே வேதிச் சாயம்தான். இயற்கைச் சாயம் என்று தனியாகச் சொல்லி விற்பவர்கள் உண்டு. கண்ணால் பார்த்து இது அது என்று சொல்வது கடினம், யார் சாயம் போட்டது என்று கேட்டு வாங்குவதே வழி.

ஆனால் காச்சினீல் சாகவில்லை. துணியை விட்டுவிட்டு வாய்க்கு வந்துவிட்டது. செயற்கை உணவு நிறங்கள்மேல் பயம் வந்த பிறகு, பெரு நாட்டில் கள்ளித் தோட்டங்களில் வளர்த்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள். உதட்டுச் சாயம், தயிர், ஐஸ்கிரீம், இனிப்பு வகைகளில் சேரும். வெளிநாட்டு பாக்கெட்டுகளில் 'கார்மைன்' அல்லது 'ஈ120' என்று இருந்தால் அதுதான். அமெரிக்காவில் 2011 முதல் பெயரைப் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம். 2012-ல் ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ராபெர்ரி பானத்தில் இதைச் சேர்த்தது தெரிந்து சைவ உணவுக்காரர்கள் சண்டை போட, நிறுவனம் தக்காளிச் சாயத்துக்கு மாறியது. சைவம் பார்ப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து வரும் சாக்லேட் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

இந்தத் தோட்டத்தை இப்போ பார்க்க முடியுமா?

முடியாது. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டத்தின் அடையாளம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் அந்த மண்ணுக்குத் தோட்ட ராசி விடவில்லை. 1860-களில் அரசின் சோதனைப் பண்ணையும் வேளாண் பள்ளியும் சைதாப்பேட்டையில்தான் தொடங்கின. 1906-ல் அது கோவைக்குப் போய், இன்றைய தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல்: காஞ்சியையும் உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு நீண்ட காலம் தலைமையிடம் இதே சைதாப்பேட்டைதான்.

ஆண்டர்சனைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னை கதீட்ரல் ரோட்டில் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலுக்குப் போகலாம். சிற்பி சான்ட்ரி செதுக்கிய பளிங்குச் சிலை அங்கே இருக்கிறது.

பூச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அடுத்த தடவை ஊர்ப்பக்கம் போகும்போது, சாலையோரச் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு குச்சியால் நசுக்குங்கள், அடியில் ரத்தச் சிவப்பு வரும். கையால் தொடாதீர்கள். பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், அதன் அடியில் இருக்கும் சுனைதான் தெரியாது. தோலில் ஏறினால் எடுக்க இரண்டு நாள் ஆகும்.